ஒளிக்கு இணங்கும் கரிப்படலம்

ராடாரில் பயன்படும் நுண்ணலைகளுக்கும், நெருப்பின் வெம்மையை நமக்கு உணர்த்தும் அகச்சிவப்புக் கிரணங்களுக்கும் மத்தியில், வினாடிக்கு லட்சம் கோடி முறை என்ற கணக்கில் அதிரும் டெராஹெர்ட்ஸ் அலைகள் இருக்கின்றன. துணியையும் காகிதத்தையும் ஊடுருவி, உலோகத்தில் பட்டுத் திரும்பி, நீரில் உறிஞ்சப்பட்டுவிடும் ஸ்வபாவம் உடைய இவை, ஆடைக்குள் மறைத்த ஆயுதத்தைக் காட்டவும், செய்திகளை அதிவேகமாக அனுப்பவும் பிரயோஜனப்படக்கூடியவை. ஆனால், வேண்டியபோது இவற்றுக்கு வழிவிட்டு, வேண்டாதபோது இவற்றைத் தடுக்கும் வஸ்து எளிதில் அகப்படுவதில்லை. உலோகம் எப்போதும் தடுக்கும், காகிதம் எப்போதும் விட்டுவிடும்.

இக்குறைக்குப் பரிகாரமாகக்கூடிய வஸ்து ஒன்று பின்னர் கைவசமாயிற்று. 2004-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும், பென்சிலின் கருப்பொருளான கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் திரும்பத் திரும்ப உரித்து, ஒரே ஓர் அணுவின் கனமுள்ள கிராஃபீன் படலத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். 2010-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இப்படலம் டெராஹெர்ட்ஸ் அலைகளை எவ்வளவு தடுக்கும் என்பது, அதனுள் தடையின்றிச் சஞ்சரிக்கும் மின்னூட்டங்கள் எத்தனை என்பதையும், அவை எவ்வளவு எளிதாக ஓடுகின்றன என்பதையும் பொறுத்தது. சிலிக்கானில் எலக்ட்ரானைக் கிளப்பிவிட ஒளிக்குக் குறிப்பிட்ட அளவு சக்தியேனும் இருக்கவேண்டும். கிராஃபீனிலோ அத்தகைய நிபந்தனை இல்லாமையால், எந்த நிற ஒளியும் அக்காரியத்தைச் செய்துவிடும்.

இதன் பலன் விசித்திரமானது. சுயமாக மின்னூட்டம் குறைந்த படலத்தின்மீது லேசர் ஒளி பட்டால், புதிய மின்னூட்டங்கள் பிறந்து, மின்கடத்தும் திறன் ஓங்கி, டெராஹெர்ட்ஸ் அலை தடைப்படுகிறது. முன்னமே மின்னூட்டம் மிகுந்த படலத்திலோ, திருவிழாக் கூட்டத்தில் பரபரப்பு உண்டானால் யாருக்கும் நடை ஓடாததுபோல, ஒளியால் சூடேறிய எலக்ட்ரான்கள் மோதித் தடுமாறி, கடத்தும் திறன் தாழ்ந்து, அலை முன்னிலும் தாராளமாக வெளியேறுகிறது. ஒளி ஒன்றே, விளைவு நேரெதிர். இம்மாறுதல், டெராஹெர்ட்ஸ் அலை ஒரு சில முறை அதிர்ந்து முடிவதற்குள் பெரும்பாலும் தணிந்தும் விடுகிறது.

ஆயினும், தன்மீது விழும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 2.3 சதவீதத்தையே ஒற்றைப் படலம் ஏற்கிறது. ஆகவே, ஆராய்ச்சியாளர்கள் அதைச் சிலிக்கான்மீது பரப்பி, கீழே பிறக்கும் மின்னூட்டங்களையும் துணைக்கு அழைத்தார்கள். 2012-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் விஞ்ஞானிகள் இவ்வகையில் 0.2 முதல் 2 டெராஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை 99 சதவீதம்வரை மட்டுப்படுத்திக் காட்டினர். ஆனால் சிலிக்கானில் பிறந்த மின்னூட்டங்கள் மெதுவாகவே மறைவதால், கிராஃபீனுக்கே உரிய வேகம் அங்கே குன்றிவிடுகிறது. ஆதலால் இத்துறையில் சாதனம் சமைப்பவன், எந்த விளக்கை ஏற்றுவது என்பதைக் காட்டிலும், படலத்தில் முன்பே எத்தனை மின்னூட்டம் இருக்கிறது, அதன் கீழே எது இருக்கிறது என்பவற்றையே முதலில் தீர்மானிக்க வேண்டியவனாகிறான்.