எந்த யுவ வருஷம்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். வரலாற்றைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்க என்ன வழி என்று கேட்டீர்கள். கோட்டையூரில் அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பரண்மேல் ஏறினால் போதும்.

பழைய அஞ்சலட்டை ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் சுழி, 'யுவ வருஷம் ஆவணி மாதம்', 'ரங்கோன்'. ஆங்கில ஆண்டு கிடையாது. எட்டாம் வகுப்பில் நாலு பேருக்கு ஒரு நகல் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது எந்த ஆண்டு எழுதியது?

யுவ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1875, 1935, 1995. இந்தியாவில் அஞ்சலட்டை வந்ததே 1879இல்; எனவே முதலாவது இல்லை. "தபால்தலையில ராஜா இருக்காரு சார்" என்று ஒரு பிள்ளை சொல்லும்; 1995உம் போயிற்று. மிஞ்சுவது 1935, ஐந்தாம் ஜார்ஜ் காலம். தயவுசெய்து விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவர்கள் குனிந்து தேடும் அந்தப் பத்து நிமிஷம்தான் பாடம்.

ரங்கோன் கடிதத்தில் இந்தியத் தபால்தலை எப்படி? 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இந்த ஊர்க்காரர்கள் அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனதும், 1942இல் ஜப்பான் படை வந்தபோது பலர் கால்நடையாகத் திரும்பியதும் அடுத்த வகுப்புக்கு. அதற்குள் அப்பத்தாவிடமும் ஆயாவிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதும் தாளில் இருப்பதும் முரண்பட்டால் ரொம்ப நல்லது, அதையே விவாதிக்கலாம்.

பரண் இல்லாத வீட்டுப் பிள்ளை கூசக் கூடாது. ரேஷன் கார்டும் ஆவணம், கூலி எழுதிய நோட்டும் ஆவணம்.

சாதாரணத் தாளும் ஆவணமாகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. இந்த ஊர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் கழித்துவிடுவதையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது கோட்டையூர் வீட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கிறது.

பழைய பேப்பர்காரர் வரும்போது கட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒரு கடிதமாவது எடுத்து, நகலெடுத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள்.