நஷ்டஈட்டுப் பணம் யாருக்கு?



குடும்பத்தைக் காப்பாற்றியவர் விபத்தில் இறந்து, நஷ்டஈடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் படிப்புக்கு வைப்பதா, கூரையை மாற்றுவதா, பழைய கடனை அடைப்பதா என்று வீட்டில் பேச்சு எழும். முன்கூட்டியே யோசிக்காவிட்டால் பணம் கரைந்துவிடும். பிள்ளைகளின் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதே கேள்விதான் இன்று அமெரிக்காவின் மாவட்ட மன்றங்கள் முன் நிற்கிறது.

அங்கே நடந்தது என்ன? அபினி இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகள் சில உண்டு. 1996ஆம் ஆண்டில் பர்டூ நிறுவனம் 'ஆக்சிகான்டின்' என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிமையாகும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லப்பட்டது. அது உண்மையல்ல. முதுகுவலிக்கு மாத்திரை வாங்கியவர்கள், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாதவர்களானார்கள். பலர் ஹெராயினுக்கும், அதைவிடக் கொடிய ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைப் போதையால் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

மாநிலங்களும் ஆயிரக்கணக்கான ஊர் மன்றங்களும் வழக்குத் தொடுத்தன. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனமும், மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2,600 கோடி டாலர் வரை கொடுக்க இணங்கின. 2022ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு உறுதியானது. விநியோக நிறுவனங்களின் பங்கு 18 ஆண்டுகளில் தவணை தவணையாக வந்து சேரும்.

பணம் வந்தால் மட்டும் போதுமா? 1998ஆம் ஆண்டில் சிகரெட் நிறுவனங்களிடமிருந்தும் 46 மாநிலங்கள் இப்படி நஷ்டஈடு பெற்றன. ஆனால் அதில் பெரும்பகுதி புகைப்பழக்கத்தை ஒழிக்கச் செலவாகவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் விழுந்த துண்டை அடைக்கவும், வேறு வேலைகளுக்குமே போயிற்று. அந்தப் பாடத்தை மனத்தில் வைத்துத்தான், இம்முறை குறைந்தது 85 விழுக்காட்டுப் பணம் போதையால் வந்த கேட்டைச் சரிசெய்யவே செலவாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள்.

வட கரோலினா மாநிலத்தை உதாரணமாகப் பார்ப்போம். மாநில அரசு 15 விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் விட்டுவிட்டது. ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எந்தப் பணிக்கு எவ்வளவு என்று மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஆண்டுதோறும் பொதுமக்கள் வரக்கூடிய கூட்டம் நடத்த வேண்டும். செலவுக் கணக்கை வெளியிட வேண்டும்.

எதற்குச் செலவிடலாம்? மெத்தடோன் போன்ற மருந்தால் தரும் சிகிச்சை, மீண்டு வருவோருக்குத் தங்குமிடம், வேலை தேடித் தருதல், சிறையில் இருப்போருக்கும் சிகிச்சை ஆகியவை அடங்கும். 'நாலோக்சோன்' என்ற மருந்தையும் வாங்கி வழங்கலாம். போதை மிகுந்து மூச்சு அடங்கிக் கிடப்பவரின் மூக்கில் உரிய நேரத்தில் அதைத் தெளித்தால், மூச்சு திரும்பிவிடும். பெற்ற தாயே தெளித்துப் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

ஆனாலும் இழுபறி தீரவில்லை. போலீசுக்குப் புது வண்டி வாங்கலாம் என்பார் ஒருவர். அடிமையானவனுக்கு எதற்குச் செலவு என்பார் இன்னொருவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ, இது என் மகன் உயிரின் விலை, இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காக்கவாவது உதவட்டும் என்பார். அவர் குரல் மன்றத்தில் கேட்க வேண்டுமானால், அவர் கூட்டத்துக்கு வர வேண்டும். கணக்கைக் கேட்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகாமல், பிறகு வீட்டில் உட்கார்ந்து குறை சொல்வோர் நம்மிடையேயும் உண்டு அல்லவா? பொதுப்பணம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். கேட்பார் இருந்தால்தான் அது உரியவரைச் சென்று சேரும்.