கடைசியா எப்ப குடிச்சீங்க அண்ணே?

மலேசியாவின் சிலிம் ரிவர் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துச் சனங்கள் டவுனுக்குக் குடிவந்தார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயமும் கூடவே வந்தது. ஓய்வு பெறும்வரை ஆண்கள் வார்டில் தாதியாக இருந்தவள் நான்.

குடிக்கு வைத்தியம் பார்க்க என்று யாரும் வந்து படுப்பதில்லை. கால்முறிவு, சர்க்கரைப் புண், வயிற்றுவலி என்றுதான் வருவார்கள். "குடிப்பாரா?" என்றால் மனைவி முந்திக்கொண்டு, "இல்லைங்க மிஸ்ஸி" என்பார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, "கடைசியா எப்ப குடிச்சீங்க அண்ணே?" என்று கேட்பேன். "நேத்து ராத்திரி" என்று பதில் தானாக வரும்.

எங்களுக்கு அந்த நேரம்தான் வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், டிரிப்பைப் பிடுங்கி எறிவார்கள். வீட்டார் காத்து கருப்பு என்று பூசாரியைத் தேடுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

டாக்டர் காலையில் வார்டுக்கு வருவார். நள்ளிரவில் அந்த நடுக்கத்தைப் பார்ப்பது தாதிதான். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்போம். நடுக்கம், வியர்வை, பதற்றம் என 10 அம்சங்களுக்கு மதிப்பெண் போடும் அட்டவணை ஒன்று உண்டு. கூட்டுத்தொகை ஏறினால் டாக்டரை எழுப்பிவிடுவோம். டயஸிபாம் போன்ற மருந்து நடுக்கத்தை அடக்கும். வைட்டமின் பி1 ஊசி மூளையைக் காக்கும்.

என்ன குடித்தார் என்பதையும் கேட்க வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், வயசாகிவிட்டது என்று விட்டுவிட முடியாது.

குடி மட்டுமல்ல, ஹெராயின் பழக்கத்துக்கும் மலேசியாவில் 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை இருக்கிறது. ஊழியர் கண்ணெதிரே மருந்தைக் குடிக்க வேண்டும். தினமும் வருகிற ஆளிடம் வேலை, வீடு என்று நாலு வார்த்தை பேசுகிறவர் இருந்தால், அந்த ஆள் மறுநாளும் வருவார். திட்டுகிற இடத்துக்கு யார் வருவார்கள்?

எனக்கு அதிகப் பயம் தைப்பூச சமயத்தில்தான். வருடம் முழுக்கக் குடித்தவர்கள் விரதமென்று ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். தாராளமாக விரதம் இருங்கள். அதற்குச் சில வாரம் முன்பே கிளினிக்குக்கு வந்து, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பத்திரமாக நிறுத்த மருந்து இருக்கிறது.