தோலில் தேமல் தெரிந்தால்: பயப்படவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்

நீங்கள் தங்கும் முகாமிலிருந்து லயத்துக்கோ புதிய வீட்டுக்கோ திரும்பும்போது கூரை, தண்ணீர், பிள்ளைகளின் பாடசாலை என்று பல கவலைகள் இருக்கும். அவற்றோடு கழுத்திலோ முதுகிலோ பிள்ளையின் கன்னத்திலோ வெளிறிய திட்டுகளும் தெரியலாம். "ஒட்டிக்கொள்ளுமோ, தொழுநோயோ" என்ற பயத்தில் சிலர் அதை மறைத்து வைக்கிறார்கள். எது சாதாரணமானது, எதை உடனே காட்ட வேண்டும் என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது.

ஏன் இங்கே அதிகம் வருகிறது?

2016 மே மாதத்தில் அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய மண்சரிவுகள், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளம், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி என்று சப்ரகமுவ மக்கள் பலமுறை வீட்டை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். ஒரே மண்டபத்தில் பலர் தங்குவது, மாற்றுத் துணி இல்லாதது, ஈரம் காயாத உடுப்பு ஆகியவை தோலைப் பாதிக்கும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குக்கு உள்ளேயும், பால் வெட்டுபவர்களின் வியர்வைச் சட்டைக்கு உள்ளேயும் சூடும் ஈரமும் தங்கிவிடுகின்றன.

மூன்று வகைத் திட்டுகள்

வைத்தியர்கள் இவற்றை 'பிட்டிரியாசிஸ்' என்பார்கள். தவிடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மூன்றிலும் தோல் தவிடு போல மெல்லியதாக உதிரும். ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு.

1. தேமல். எல்லோருடைய தோலிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சை, வெப்பத்திலும் வியர்வையிலும் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வருகிறது. மார்பு, முதுகு, கழுத்து, தோள்களில் வெள்ளை, பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு திட்டுகள் தோன்றும். நகத்தால் இலேசாகச் சுரண்டினால் தூள் உதிரும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அழுக்கானவர்களுக்கு மட்டும் வரும் நோயும் அல்ல.

வைத்தியர் பெரும்பாலும் பூசும் மருந்தே தருவார். கீற்றோகொனசோல் 2% ஷம்பு தந்தால், நனைந்த உடம்பில் பூசி 5 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு தடவை வீதம் 5 நாட்கள் பூசச் சொல்வார்கள். குளோட்ரிமசோல் கிறீம் தந்தால், திட்டு மங்கியதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை பூசுங்கள். பூஞ்சை அழிந்த பிறகும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் தேமல் மீண்டும் வரலாம். மறுபடி மருந்து எடுத்தால் போதும்.

2. பிள்ளைகளின் முகத்தில் வெளிறல். இதன் பெயர் பிட்டிரியாசிஸ் அல்பா. 3 முதல் 16 வயதுவரை அதிகம் காணப்படும். கன்னத்தில் ஓரம் தெளிவில்லாத வெளிறிய திட்டாகத் தெரியும். வறண்ட தோலில் வரும் மிக இலேசான அழற்சி இது. "வயிற்றில் பூச்சி" என்று பலர் சொன்னாலும் பூச்சி மருந்தால் இது மாறாது. கடுமையான சவர்க்காரத்தைத் தவிர்த்து, குளித்ததும் ஈரப்பசை காக்கும் கிறீமைப் பூசுங்கள். மாதங்கள் எடுத்தாலும் தானாகவே மறையும். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டாம்.

3. பிட்டிரியாசிஸ் ரோசியா. முதலில் உடம்பில் ஒரு பெரிய வட்டத் திட்டு வரும். ஓரிரு வாரங்களில் சிறிய சிவந்த திட்டுகள் மார்பிலும் முதுகிலும் பரவும். ஒரு வைரஸ் காரணமாக வருகிறது என்று கருதப்படுகிறது. பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் தானே மாறும். அரிப்புக்கு மட்டும் மருந்து தருவார்கள். கர்ப்பிணித் தாய்மார் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ திட்டு இருந்தாலும் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

இவற்றைத் தேமல் என்று விட்டுவிடாதீர்கள்

இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. தொழுநோய்த் திட்டில் தூள் உதிர்வதும் அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. கண்ணை மூடச் சொல்லி, திட்டைப் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியாவிட்டால் அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். உணர்ச்சி இருந்தாலும், நீண்ட நாட்களாக மாறாத திட்டைக் கட்டாயம் காட்டுங்கள். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதங்களில் முழுமையாகக் குணமாகும். தாமதித்தால் நரம்பு பாதிக்கப்பட்டு கை, கால் ஊனமாகலாம். மறைத்து வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்குகளில் பொக்களங்கள் வந்து, வீட்டில் பலருக்கும் அரித்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• வேலை முடிந்ததும் குளித்து, உடம்பை நன்றாகத் துடைத்து, காய்ந்த பருத்தி உடுப்பு அணியுங்கள்.
• படங்கையும் ஈர உடுப்பையும் வெயிலிலோ அடுப்படிச் சூட்டிலோ முழுதாகக் காய வையுங்கள்.
• வெள்ளையாக்கும் கிறீமையும், இன்னொருவருக்குக் கொடுத்த கிறீமையும் பூச வேண்டாம். அவற்றில் ஸ்டீரோயிட் இருந்தால் பூஞ்சை இன்னும் பரவும், தோலும் மெலியும்.
• தேமல் உள்ளவருக்குத் தனிப் பாத்திரமோ தனிப் பாயோ தேவையில்லை.

யாரிடம் போவது?

முதலில் தோட்ட வைத்திய நிலையத்திலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள். அவர்கள் தேவைப்பட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ, இரத்தினபுரி அல்லது கேகாலை பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. வெள்ளத்திலோ மண்சரிவிலோ கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் போகாமல் இருக்க வேண்டாம். தொலைந்ததைச் சொல்லிப் புதிய கொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.