மண்ணும் மனையும் – 9: வாய்க்காலைக் காணாத கோப்பு

ஒரு நகரத்தின் முழுமைத் திட்டம் எப்படி உருவாகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். உருவான திட்டம் எப்படித் திருத்தப்படுகிறது என்பது தஞ்சாவூருக்கு அதைவிடப் பெரிய கேள்வி. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் திருத்தத்துக்கு வழி வைத்திருக்கிறது. வைக்கத்தான் வேண்டும், ஊர் எந்தப் பக்கம் வளரும் என்பதை எந்த வரைபடமும் முழுதாக முன்னறிய முடியாது. நிலத்துக்காரர் மனுக் கொடுக்கிறார். உள்ளூர்த் திட்டக் குழுமம் பரிசீலிக்கிறது. கோப்பு நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாகத் தலைமைச் செயலகம் போய், கடைசியில் அரசிதழில் அறிவிப்பாக வருகிறது. நஞ்சை குடியிருப்புப் பகுதியாகிவிடுகிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-இன் விதிகளும் உண்டு. இந்த நடைமுறை முழுவதும் புல எண்ணைச் சுற்றியே நடக்கிறது என்பதுதான் என் குறை. காவிரிப் படுகையில் ஒரு புல எண்ணைத் தனியாக எடுத்து முடிவுசெய்ய முடியாது.

ஏன் முடியாது? குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று பிரியும் ஆறுகளிலிருந்து வாய்க்கால்களும், அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்களும் இறங்குகின்றன. பழைய பாசனப் பகுதியில் எத்தனையோ வயல்களுக்குச் சொந்த மடை கிடையாது. மேல் வயலில் நிறைந்த தண்ணீர் வரப்பு வாமடை வழியாகக் கீழ் வயலுக்கு வருகிறது. பாய்ச்சலுக்கு மட்டுமல்ல, வடிகாலுக்கும் இதே தொடர்புதான். நடுவில் ஐந்து ஏக்கரை மண்ணடித்து மேடாக்கி மனை போட்டால், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கீழே உள்ள குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நவம்பர் மழையில் மேலே தேங்கும் வெள்ளம் வடிய இடமில்லாமல் சம்பாப் பயிர் அழுகும். இழப்பு மனை போட்டவருடையதல்ல; அக்கம்பக்கத்து விவசாயியுடையது. அவருடைய புல எண் கோப்பில் இல்லாததால் அவர் பாதிக்கப்பட்டவராகவே கணக்கில் வருவதில்லை. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-இல் 404.25 டிஎம்சி என்று திருத்திய தமிழ்நாட்டின் நீர் ஒதுக்கீட்டை, காவிரி நடுவர் மன்றம் 2007-இல் முடிவுசெய்தது பாசனப் பரப்பை அடிப்படையாக வைத்துத்தான். நடுவர் மன்றம் ஏற்ற நம் பரப்பு 24.71 லட்சம் ஏக்கர். அந்த ஆயக்கட்டை நாமே துண்டு துண்டாகக் கரைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் முழுசாகக் கேட்டு எத்தனை காலம் வாதாட முடியும்?

2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது நல்ல சட்டம், போராடிப் பெற்றது. கடலூர், நாகப்பட்டினம் பகுதியின் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலத்துக்காகக் குறித்த 2017-ஆம் ஆண்டு அறிவிப்பு அதே 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டதும் மக்கள் எதிர்ப்பின் பலன். ஆனால் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள்: தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலை, எண்ணெய், எரிவாயு எடுப்பு. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. சாலை, குழாய் போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கு விலக்கும் உண்டு. வயலை அன்றாடம் தின்பது எதுவோ அது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

ஊர் வளர வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வளரட்டும், தென்மேற்கே. வல்லம் பக்கம் செம்புறாங்கல் மேட்டு நிலம். 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தது அந்தத் திசையில்தான். அங்கும் ஏரிகள் இருக்கின்றன, அவற்றின் வரத்து வாய்க்கால்களை விட்டுவைத்தே கட்ட வேண்டும். ஆனாலும் வடக்கே வெண்ணாற்றங்கரை நஞ்சையைத் தொடாமல் வீடு கட்ட வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மிகக் கடினமான ஆட்சேபணை விவசாயியிடமிருந்தே வருகிறது: கட்டுப்படியாகாத விவசாயத்தை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும், மகள் கல்யாணத்துக்கு விற்கக் கூடாதா? நியாயமான கேள்வி, இதற்கு அறிவுரை பதிலாகாது. விற்கும் உரிமையில் கைவைக்க நான் சொல்லவில்லை. நஞ்சை நஞ்சையாகவே தொடர்வதற்கு அரசு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுக்கலாம். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு வசூலாகும் கட்டணத்தை அதற்குத் திருப்பலாம். பட்டா இல்லாத குத்தகைதாரருக்கும் அதில் பங்கு வேண்டும். மாற்றம் தவிர்க்க முடியாத இடத்தில், அறிவிப்பில் புல எண்ணோடு வாய்க்காலின் பெயரும், அதன்கீழ் எஞ்சும் ஏக்கரும் அச்சாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் கோப்பு சென்னைக்கு நகரக் கூடாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்தியதுபோல, மண்ணடித்த பிறகு ஒப்புதல் தரும் பழக்கமும் நிற்க வேண்டும். கள ஆய்வை வாய்க்கால் காய்ந்து கிடக்கும் ஏப்ரலில் முடித்துவிடாமல், நவம்பர் மழையில் ஒரு முறை நடத்தட்டும். எந்த வயலின் தண்ணீர் எந்த வயல் வழியாக வடிகிறது என்பது அப்போதுதான் தெரியும்.