மலைக்கு எது, சமவெளிக்கு எது?
செடானா, எஸ்.யு.வி.யா? எல்லைத் தமிழர் வீடுகளில் ஒரு விவாதம்

பாலக்காடு: வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை போடுவது வாகனத்தில்தான். அந்தத் தொகை முன்பு சைக்கிளுக்குப் போயிற்று. பிறகு ஸ்கூட்டருக்குப் போயிற்று. இப்போது காருக்குப் போகிறது. கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளிலும் பாலக்காட்டு அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளிலும், மூணாறு, பூப்பாறை, குமுளி பக்கம் தேயிலையையும் ஏலக்காயையும் நம்பிப் பிழைக்கும் நம்மவர் வீடுகளிலும், பிள்ளைகள் தலையெடுத்ததும் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. தாழ்வான செடான் வாங்குவதா, உயரமான எஸ்.யு.வி. வாங்குவதா?

ஏலக்காய் வியாபாரியும் டாக்டரும் அரைக்கோடி ரூபாய்ச் சொகுசுக் கார்களை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கிறார்கள். குமாஸ்தா பத்து லட்ச ரூபாய்க் காரை வைத்துக் கேட்கிறார். எஸ்டேட் தொழிலாளியின் மகனோ, அப்பா லயத்தை விட்டு இறங்கும்போது கைக்கு வரும் கிராஜுவிட்டிப் பணத்தை வைத்துக் கேட்கிறான். கேள்வி ஒன்றுதான். ஆனால் கணக்குத் தப்பினால் விழும் அடி எல்லோருக்கும் ஒன்றல்ல.

ஜீப்பும் அம்பாசடரும்

இந்த விவாதம் புதிதல்ல. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், சமவெளிக்காரர்களின் வண்டி. முன்னால் எஞ்சின், நடுவில் ஆட்கள், பின்னால் தனியே சாமான் பெட்டி என்று மூன்று கூறாக அமைந்த காரைத்தான் செடான் என்றும் சலூன் கார் என்றும் சொல்கிறார்கள். (சலூன் என்றால் ரயில்வேக்காரருக்கு மேலதிகாரியின் தனிப்பெட்டியும், மற்றவர்களுக்கு முடிதிருத்தும் கடையும் நினைவுக்கு வரும். அது வேறு.)

மலைக்கு ஜீப். 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். அந்த வம்சம்தான் ஏலக்காய்க் காடுகளுக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிச் சென்றது. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நம் பெண்கள் தினமும் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புவது இன்றும் ஜீப்பில்தான்.

சொகுசுக் கார் ஆசையிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற சொகுசு சலூன் காரை வெளியிட்டது. உடல் இங்கிலாந்தின் ரோவர் கார். எஞ்சினோ பழைய காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். நம் சாலைக்காக வண்டியைச் சற்று உயர்த்தியும் பார்த்தார்கள். இழுவை போதவில்லை, எண்ணெய் அதிகம் குடித்தது. மூன்றே ஆண்டுகளில், 1988-இல், கதை முடிந்தது. வெளித் தோற்றத்தை மட்டும் பார்த்துக் கார் வாங்குவோருக்கு அது ஒரு பாடம்.

ஒரே எல்லை, இரண்டு நிலம்

பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் ஒரே மலைத்தொடரில் இருந்தாலும் காருக்கு அவை இரண்டு உலகம். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து வாளையாறு வழியாக வரும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மலை ஏறும் வேலையே இல்லை. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கமும் வயலும் தென்னையும்தான்.

இடுக்கி அப்படியில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேலும் ஏற்ற இறக்கம்தான். மழைக்காலத்தில் மூடுபனியும் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, பாலக்காட்டில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை கோவைக்குப் போய்வரும் குடும்பத்துக்குச் செடானே சுகம். தாழ்வாக ஓடும் வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவு, எண்ணெய் மிச்சம். வேகத்தில் அலையாது. சாமான் தனிப்பெட்டியில் கிடப்பதால் உள்ளே சத்தமும் வாசனையும் வராது. பின் இருக்கையில் காலை நீட்டி உட்காரலாம்.

இடுக்கிக் குடும்பத்துக்கு முதல் கேள்வி, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதுதான். மெயின் ரோடு நன்றாக இருந்தாலும், அங்கிருந்து எஸ்டேட்டுக்கோ வீட்டுக்கோ பிரியும் பாதை கல்லும் பள்ளமுமாக இருக்கும். அங்கே செடானின் அடிவயிறு தட்டும். எண்ணெய்த் தொட்டி உடைந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

சென்னையில் பூட்டிய இரண்டு கார்கள்

சொகுசுக் கார்களிலும் இதே வித்தியாசம்தான். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007-இல் சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தொழிற்சாலை திறந்தது. அதன் சிறிய எஸ்.யு.வி.யான 'எக்ஸ் 1', செடானான '3 சீரிஸ்' இரண்டும் அங்கேதான் பூட்டப்படுகின்றன. இரண்டிலும் தமிழ்க் கை பட்டிருக்கிறது.

எக்ஸ் 1 காரின் நீளம் 4.5 மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 2.69 மீட்டர். இந்தியாவில் விற்கும் நீண்ட 3 சீரிஸ் காருக்கோ அந்த இடைவெளி ஏறத்தாழ 2.96 மீட்டர். பழைய அம்பாசடருக்கு அது சுமார் 2.46 மீட்டர்தான். அரை மீட்டர் கூடியதால் பின்னால் உட்கார்பவருக்கு ராஜ சுகம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அதே அரை மீட்டர் ஓட்டுநரைச் சோதிக்கும். மேடான இடத்தைத் தாண்டும்போது நடுவயிறு உரசுவதும் நீளமான வண்டிக்கே அதிகம்.

முட்டிவலி உள்ள பெற்றோருக்கு உயரமான இருக்கை நல்லது. குனியாமல் ஏறி இறங்கலாம். ஆனால் மலையில் குமட்டலும் வாந்தியும் வரும் பிள்ளைகளுக்குச் செடானே மேல். உயரமான வண்டி வளைவில் அதிகம் சாயும்; தாழ்வான வண்டி குறைவாகச் சாயும்.

உயரம் ஏமாற்றும்

நம்மவர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எஸ்.யு.வி. என்றதும் ஜீப்பைப் போல எங்கும் ஏறும் என்று நினைத்துவிடுகிறார்கள். சொகுசு எஸ்.யு.வி.களில் சிறியவை பலவும் முன் இரண்டு சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படுபவை. இந்தியாவில் இப்போது விற்கும் எக்ஸ் 1 அந்த ரகம்தான். உருவம் உயரமே தவிர, நாலு சக்கர இழுவையும் ஏற்றத்துக்கான தாழ்ந்த கியரும் கொண்ட ஜீப் அல்ல. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும், நெல்லியாம்பதியிலிருந்து மேலே காட்டுப் பாதைக்கும் ஜீப்தான் போக வேண்டும். அங்கே அரைக்கோடிக் காரும் ஓரம் கட்டித்தான் நிற்கும்.

எந்த வண்டியானாலும் மலையில் சில விதிகள் மாறா. இறக்கத்தில் நியூட்ரலில் விடக்கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கையால் கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகிய பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி.

வரிக் கணக்கு

2025 செப்டம்பர் 22 வரை ஜி.எஸ்.டி.யும் கூடுதல் வரியும் சேர்ந்து பெரிய எஞ்சின் செடானுக்கு 48 சதவீதம், எஸ்.யு.வி.க்கு 50 சதவீதம் என்று இருந்தன. நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், சுமை ஏற்றாத நிலையில் 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தரை இடைவெளி என்ற மூன்றும் சேர்ந்தால் எஸ்.யு.வி. என்பது சட்டம் சொன்ன அளவு. இப்போது பெரிய கார் எதுவானாலும் 40 சதவீதம்தான். வரியை வைத்து ஒன்றை விட்டு மற்றொன்றை வாங்க வேண்டிய காரணம் போய்விட்டது.

மாநில வரி வேறு. 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட காருக்குக் கேரளத்தில் 22 சதவீதம். தமிழ்நாட்டில் 20 சதவீதம். 50 லட்ச ரூபாய்க் காருக்கு இங்கே 11 லட்சம், அங்கே 10 லட்சம். இந்த வரிக்குப் பயந்து புதுச்சேரியில் போலி முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளத்தைக் கலக்கியது. பிரபலங்கள் மீதே வழக்குப் பாய்ந்தது. அக்கரைச் சொந்தக்காரர் முகவரியில் பதிவு செய்து இக்கரையில் ஓட்டலாம் என்று யோசிப்பவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு.

மலிவாக வரும் யானை

நம்மவரை அதிகம் இழுப்பது பழைய சொகுசுச் செடான்தான். புதிதில் அரைக்கோடி விலை போனது, பத்து வருடம் கழித்துப் புதிய சின்னக் காரின் விலைக்கே கைமாறுகிறது. காரணம் எளிது. இன்சூரன்ஸ் கணக்கிலேயே ஐந்தாவது வருடத்தில் வண்டியின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. சந்தையில் எல்லோரும் எஸ்.யு.வி. கேட்பதால் செடானின் விலை இன்னும் வேகமாக இறங்குகிறது.

விலை இறங்கினாலும் செலவு இறங்குவதில்லை. டயர், கியர்ப்பெட்டி, சஸ்பென்ஷன், மின்னணுக் கருவிகள் எல்லாம் அந்த அரைக்கோடிக் காருக்கான விலையில்தான் கிடைக்கும். காற்றிறங்கினாலும் ஓடும் ரகத்து டயர் உள்ள கார்களில் பலவற்றில் மாற்று டயரே இருக்காது; ஒன்று கிழிந்தால் மலையில் ஆறுதலுக்கு ஆள் இல்லை. கம்பெனி ஒர்க்ஷாப்புக்கு கோவைக்கோ கொச்சிக்கோதான் போக வேண்டும். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதை ஆகிவிடும்.

தமிழ்நாட்டு வண்டியானால் ஆட்சேபமில்லாச் சான்றிதழ், கடன் பாக்கி இல்லை என்ற சான்று, இன்சூரன்ஸ், இங்கே கட்ட வேண்டிய மீதிக் கால வரி ஆகியவற்றை முதலிலேயே கணக்கிட வேண்டும். அப்படி வாங்கிய வெள்ளைப் பலகை வண்டியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடவும் முடியாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். கிராஜுவிட்டிப் பணத்தை இதில் போடுவது, முப்பது வருட உழைப்பைக் கொண்டை ஊசி வளைவில் கண்ணை மூடித் திருப்புவதற்குச் சமம்.

பத்து லட்சத்து வண்டிகள்

சிறு வருமானக்காரர்களுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. நாலு மீட்டருக்குள் அடங்கி, 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினோ 1500 சி.சி.க்கு மேற்படாத டீசல் எஞ்சினோ உள்ள கார்களுக்கு இப்போது 18 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. இந்த அளவுக்குள் செடானும் உண்டு, எஸ்.யு.வி.யும் உண்டு. வாங்குமுன் எஞ்சின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு மீட்டருக்குள் இருந்தும் 1500 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வைத்த வண்டிக்கு 40 சதவீதம் விழும்.

மாருதி டிசையருக்குத் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் பிரெசாவுக்கு 198. இந்த 35 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம்தான் எஸ்டேட் பாதையில் வண்டி தட்டுவதும் தட்டாததும். பாதுகாப்பில் செடான் மட்டம் என்றும் சொல்ல முடியாது. 2024-இல் வந்த புதிய டிசையர், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

தீர்ப்புச் சொல்வது சாலை

மூணாறு - போடிமெட்டுச் சாலை சுமார் 42 கிலோமீட்டர் அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்பு ஜீப்புக்கு மட்டுமே தைரியம் இருந்த இடங்களில் இப்போது செடான்கள் சாதாரணமாக ஓடுகின்றன. ஆனால் 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்களை மண் மூடி 70 பேர் மாண்டபோது, பெரியவரைப் பாலம் சேதமாகி மீட்பு வண்டிகள் வழியில் திணறியதையும் மறக்க முடியாது. சாலை போய்விட்டால் எந்தக் காரும் உதவாது.

ஆகவே வாங்குவோர் ஷோரூமுக்குப் போகுமுன், தங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பாதை மட்டமானால், ஓட்டம் நெடுஞ்சாலையானால் செடான் போதும். பாதை கல்லானால், ஓட்டம் மலையானால் உயரமான சிறு வண்டி வேண்டும். அந்த வண்டிக்கு மாதத் தவணை, எண்ணெய், இன்சூரன்ஸ், வருடாந்தரப் பழுது நான்கையும் கூட்டிப் பார்த்து, சம்பளத்தில் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் மீதி இருக்கிறதா என்று பார்க்கட்டும். மீதி இல்லையென்றால், போடிக்கும் கோவைக்கும் பஸ் இருக்கிறது. பாலக்காட்டுக்கு ரயிலும் இருக்கிறது.