முதல் 25 பேருக்குப் பிறகு

மனித தேகத்தின் உள்ளுறுப்புகளுள், பெரும் பாகத்தை வெட்டி எடுத்த பின்னும் எஞ்சியது பெருத்து, இழந்த எடையை ஏறக்குறைய ஈடுசெய்துகொள்ளும் சக்தி கல்லீரலைப் போல் வேறொன்றுக்கும் வாய்க்கவில்லை. அறுத்த மடல் மறுபடி முளைப்பதில்லை. மிச்சமிருக்கும் மடல்தான் பருக்கிறது. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி இதனை அளந்து காட்டினார்கள். ஆனால் வளர்ச்சிக்கு அவகாசம் வேண்டும். அதுவரையில் நோயாளியின் உயிரைத் தாங்கவேண்டியது எஞ்சிய அந்தத் துண்டே. ஆரோக்கியமான ஈரலாயின் மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கும், கீமோதெரபி மருந்துகளால் களைத்த ஈரலாயின் 30 சதவீதமும், சிரோசிஸ் நோயால் இறுகிய ஈரலாயின் 40 சதவீதமும் விட்டுவைக்கவேண்டும் என்பது சர்ஜன்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதற்குக் குறைந்தால், கத்தி ஒரு பிழையும் செய்யாதிருந்தும், காமாலை ஏறி, வயிற்றில் நீர் கோத்து, நினைவு மங்கி, நோயாளி மாண்டுபோகக்கூடும்.

கட்டி ஈரலின் பெரும்பாகத்தைப் பற்றியிருக்க, விடக்கூடிய பாகமோ இந்தக் கணக்குக்கு எட்டாதிருந்தால் என்ன செய்வது? ஜப்பானில் மகூச்சி முதலிய நிபுணர்கள் 1980களில் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து சுமந்து வருவது போர்ட்டல் ரத்தக்குழாய். அதில் நோயுற்ற பக்கத்துக் கிளையை மட்டும் முன்கூட்டியே அடைத்துவிட்டால், ஒரு மடையை அடைத்த வாய்க்காலின் நீர் அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல், ரத்தம் முழுவதும் மறுபக்கம் பாய்ந்து அதனை வளர்க்கிறது. நல்ல உபாயந்தான், எனினும் நாலைந்து வாரங்கள் காத்திருக்கவேண்டும், அதற்குள் சிலருக்குக் கட்டி பரவி, சஸ்திர சிகிச்சைக்கே இடமில்லாமல் போய்விடும்.

2007இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் ஹான்ஸ் ஷ்லிட் என்ற சர்ஜன், ஈரலின் வாயிலில் பித்தநாளப் புற்று கண்ட ஒரு நோயாளிக்கு வலப்பக்கத்தைப் பெரிதாக அகற்ற உத்தேசித்து வயிற்றைத் திறந்தபோது, விடப்போகும் இடப்பாகம் உயிர் தாங்கப் போதாதென்று கண்டார். ஆகவே அகற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, காமாலை தணியும் பொருட்டுப் பித்தநாளத்தைக் குடலோடு இணைக்க மட்டும் தீர்மானித்து, அந்த இணைப்புக்கு வசதியாக ஈரலை இரண்டாகப் பிளந்தார். வலப்பக்கத்துப் போர்ட்டல் கிளையையும் கட்டினார். எட்டாம் நாள், என்னதான் ஆயிற்று என்று பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனில், இடப்பாகம் எவரும் எதிர்பாராத அளவுக்கு வளர்ந்திருக்கக் கண்டு, மீண்டும் வயிற்றைத் திறந்து நோயுற்ற பாகத்தை எடுத்துவிட்டார். இவ்வாறு பிளந்தும் கட்டியும் இரு கட்டமாகச் செய்யும் முறைக்குப் பின்னர் ‘ஆல்ப்ஸ்’ என்று பெயர் வந்தது.

ஜெர்மானிய மருத்துவமனைகள் சேர்ந்து இம்முறையில் சிகிச்சை பெற்ற 25 பேரின் விவரத்தை 2012இல் வெளியிட்டன. ஒன்பது நாள் அளவிலேயே எஞ்சிய பாகம் நடுமதிப்பாக 74 சதவீதம் பருத்திருந்தது. வாரக்கணக்கில் காத்திருந்த சர்ஜன்களை அந்த எண் பரவசப்படுத்தியதில் வியப்பில்லை. ஆனால் அதே கட்டுரையில் அந்த 25 பேரில் மூவர் இறந்துபோனதும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருந்தது. ஆரம்ப முடிவுகளைப் படிக்கும் எவரும் இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அளவு வளர்ந்த வேகத்தில் புதுத் திசுவின் வேலைத்திறன் வளர்ந்துவிடுவதில்லை என்பதும் பிற்பாடு ஊர்ஜிதமாயிற்று.

இம்முறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது அதன் பிறகு நடந்ததையே. பல தேசத்து சர்ஜன்கள் தங்கள் நோயாளிகளின் கதியை, நல்லதும் கெட்டதுமாக, ஒரு சர்வதேசப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள். 2014இல் வெளிவந்த அதன் முதல் அறிக்கையில், 202 பேரில் 90 நாளுக்குள் இறந்தோர் சுமார் 9 சதவீதம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அபாயம் கூடுதல் என்பதும் தெரிந்தது. ஆஸ்பத்திரியை விட்டுப் போனதும் கணக்கை முடித்திருந்தால், வீடு சென்றபின் நேர்ந்த மரணங்கள் ஏட்டில் ஏறியிருக்குமா? மேலும், எந்த நோயில் இம்முறை தற்செயலாகப் பிறந்ததோ, ஈரல் வாயிலின் அந்தப் பித்தநாளப் புற்றிலேதான் விளைவு மிக மோசமாயிற்று: 2017இல் ஆராயப்பட்ட அத்தகைய 29 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. ஒரு நோயாளியிடம் கண்ட அற்புதம் அந்நோய்க்கே உரிய சிகிச்சையாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சி வேண்டியதில்லை.

இறுதியில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவமனைகள், பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவிய சுமார் நூறு பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, போர்ட்டல் கிளையை அடைத்து வாரக்கணக்கில் காத்திருக்கும் பழைய இரு கட்ட முறையோடு இதனை ஒப்பிட்டன. 2018இல் வெளியான முடிவின்படி, கட்டிகளை எல்லாம் அகற்றும் நிலையை எட்டியோர் ஆல்ப்ஸ் பிரிவில் 92 சதவீதம், மற்றதில் 57 சதவீதம். 90 நாள் மரணமோ 8.3 சதவீதமும் 6.1 சதவீதமுமாக அருகருகே நின்றது. பழைய முறை கைகொடுக்காத சிலருக்குப் பிறகு ஆல்ப்ஸ் முறையிலேயே ஆபரேஷன் நடந்ததையும் மறக்கலாகாது. 2021இல் ஆயுட்காலத்தைக் கணக்கிட்டபோது, நடுமதிப்பு ஆல்ப்ஸ் பிரிவில் 46 மாதம், மற்றதில் 26 மாதம். இந்த முடிவு பெருங்குடல் புற்றிலிருந்து பரவிய கட்டிகளுக்கே உரியது. ஈரலிலேயே பிறக்கும் புற்றுக்கோ பித்தநாளப் புற்றுக்கோ அதை நீட்டிப் பொருத்துவதற்கு அச்சோதனை இடம் தரவில்லை. இதற்கிடையில் பிரான்சின் மோன்பெலியே நகரத்து மருத்துவர்கள், வயிற்றைத் திறக்காமலே, போர்ட்டல் கிளையோடு ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையையும் அடைத்து வளர்ச்சியைத் துரிதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கும் ஒப்பீட்டுச் சோதனைகள் தொடங்கிவிட்டன.